கேஜன் சமையலும் நம் உழவர் சந்தையும்

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இப்போது ஒரு புது மசாலா டப்பாவைப் பார்க்கிறேன். 'கேஜன்' என்று அதன் மேல் எழுதியிருக்கும். மிளகாய்த்தூள், மிளகு, பூண்டுத்தூள், வெங்காயத்தூள், அதோடு ஓமத்தை நினைவூட்டும் இரண்டு காய்ந்த இலைகள். அவ்வளவுதான் உள்ளே இருப்பது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள சரித்திரம் பெரியது. அதில் எங்கள் புதுச்சேரிக்கும் ஒரு பங்கு உண்டு. அதைத்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

பிரான்ஸ் தேசத்து விவசாயிகள் சிலர் 1600களில் கடல் கடந்து போய், இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் குடியேறினார்கள். அந்தப் பகுதிக்கு அகாடி என்று பெயர். 1605ல் போர் ரோயால் என்ற ஊர் அங்கே உருவானது. கடல் நீர் ஏறும் சதுப்பு நிலத்துக்குக் கரை கட்டி, உப்பை வெளியேற்றி, கோதுமையும் முட்டைக்கோஸும் பட்டாணியும் விளைவித்தவர்கள் அவர்கள். பிறகு அந்த நிலம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆங்கிலேய அரசருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய அவர்கள் மறுத்தார்கள். 1755ல் தொடங்கி அவர்களைக் கப்பலில் ஏற்றி நாடு கடத்தினார்கள். வீடுகள் கொளுத்தப்பட்டன. புருஷன் ஒரு கப்பல், பெண்டாட்டி ஒரு கப்பல் என்று பிரிந்த குடும்பங்கள் பல. அப்படி வெளியேற்றப்பட்டவர்கள் 10,000 பேருக்கு மேல்.

இது நடந்த அதே காலத்தில்தான் இங்கேயும் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலமானதும் அதே மாதத்தில்தான். 1763ல் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. ஒரே காகிதத்தில் பிரான்ஸ் கனடாவை இழந்தது, புதுச்சேரியைத் திரும்பப் பெற்றது. புதுச்சேரி மக்கள் இடிந்த ஊரை மீண்டும் கட்டினார்கள். அகாடி மக்களுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை.

அலைந்து திரிந்தவர்களில் ஒரு பகுதியினர் 1765 முதல் அமெரிக்காவின் தெற்கே உள்ள லூசியானாவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1785ல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் இன்னும் சுமார் 1,600 பேர் வந்தார்கள். 'அகாடியன்' என்ற சொல் வாயில் தேய்ந்து 'காடியன்' ஆகி, ஆங்கிலேயர் காதில் 'கேஜன்' ஆனது.

வந்த இடம் வெப்பமும் ஈரமும் நிறைந்த சதுப்புக் காடு. அங்கே கோதுமை விளையவில்லை, நெல்லும் மக்காச்சோளமும் விளைந்தன. அவர்கள் கையோடு கொண்டு வந்தது சமைக்கும் முறை மட்டுமே. பிரெஞ்சுச் சமையலில் எந்தக் குழம்புக்கும் முதலில் வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்குவார்கள். லூசியானாவில் கேரட்டின் இடத்துக்குக் குடைமிளகாய் வந்தது. மாவை எண்ணெயில் வறுத்துக் குழம்பைக் கெட்டியாக்கும் 'ரூ' என்ற முறை அப்படியே நின்றது. அதோடு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வெண்டைக்காய் சேர்ந்தது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் சாசஃப்ராஸ் என்ற மரத்தின் இலைப்பொடியைக் கொடுத்தார்கள். இப்படித்தான் 'கம்போ' என்ற குழம்பு பிறந்தது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். வெண்டைக்காய்க்கு பிரெஞ்சில் 'கொம்போ' என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். அது பிரெஞ்சுச் சொல்லே அல்ல, ஆப்பிரிக்காவின் பாந்து மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல் என்று வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். குழம்பின் பெயரே ஒரு காயின் பெயர்.

புதுச்சேரியிலும் இதே கதைதான், தலைகீழாக. இங்கே வந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு நம் ஊர் வெங்காய வடவம் பிடித்துப் போயிற்று. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் தட்டி, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பங்குனி சித்திரை வெயிலில் நாள் கணக்கில் காயவைக்கிற அதே வடவம்தான். அதை அவர்கள் 'வடுவான்' என்று சொல்லிப் பாரிஸ் வரைக்கும் கொண்டு போய்விட்டார்கள். கேஜன் டப்பாவில் இருப்பதும் வெங்காயத்தையும் பூண்டையும் காயவைத்த ருசிதானே? மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்கிக் காயவைத்துக்கொள்ளும் புத்தி எல்லா ஊர்ப் பெண்களுக்கும் இருந்திருக்கிறது.

மொழிக்கு வந்த கதி வேறு. லூசியானாவில் 1921 அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்றது. பிரெஞ்சு பேசிய குழந்தைகளுக்குத் தண்டனை கிடைத்தது. 1968ல் பிரெஞ்சைக் காப்பாற்ற அரசே ஓர் அமைப்பை ஏற்படுத்தியபோது, பேரன்மார்களுக்குத் தாத்தா பேச்சு புரியாத நிலை வந்துவிட்டது. புதுச்சேரியில் யாரும் பிரெஞ்சைத் தடுக்கவில்லை. ஆனால் 1954ல் ஆட்சி கைமாறி, 1962ல் சட்டப்படி இணைந்த பிறகு, அது மெல்ல ஒதுங்கிக்கொண்டது. என் வீட்டில் இன்று பிரெஞ்சு பேச நான் ஒருவன்தான். வடவம் மட்டும் இருக்கிறது. பேச்சு போன வீட்டிலும் அடுப்படி பழைய பாஷையைப் பேசிக்கொண்டிருக்கும்.

அந்த அடுப்படிக்கு உயிர் சந்தையிலிருந்துதான் வருகிறது. அரசுப் பணியில் இந்தப் பக்கம் வந்து அவிநாசியிலேயே தங்கிவிட்ட எனக்கு, கொங்குச் சமையலைக் கற்றுக் கொடுத்தது இங்குள்ள சந்தைகள்தான். தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. ஓராண்டுக்குள் நூறு சந்தைகள் ஆயின. விவசாயிக்குப் புகைப்படத்துடன் அடையாள அட்டை, வாடகை இல்லாத கடை, மின்னணுத் தராசு, மூட்டைக்குக் கட்டணம் இல்லாத அரசுப் பேருந்து. மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, கடை விலைக்குக் கொஞ்சம் கீழே என்று தினமும் பலகையில் விலை எழுதுவார்கள். இடையில் தரகர் கிடையாது. 2001க்குப் பிறகு பல சந்தைகள் களையிழந்து, 2006க்குப் பிறகு மீண்டும் நிமிர்ந்ததை நாம் கண்ணால் பார்த்தோம்.

திருப்பூர் தென்னம்பாளையம் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் போனால் கேஜன் குழம்புக்கு வேண்டியதில் முக்கால்வாசி கிடைத்துவிடும். செய்முறை இதுதான். அரைக் கிலோ பிஞ்சு வெண்டைக்காயை நறுக்கி, கொழகொழப்பு அடங்க எண்ணெயில் தனியாக வதக்கி எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கரண்டி கடலெண்ணெயில் அதே அளவு மைதாவைப் போட்டு, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். கருப்பட்டி நிறம் வர அரை மணிக்கு மேலாகும், அவசரப்பட்டால் தீய்ந்துவிடும். பிறகு வெங்காயம், குடைமிளகாய், செலரி. நீலகிரி செலரி கிடைக்காத நாளில் கொத்தமல்லித் தண்டைப் போடுகிறோம். நான்கு பல் பூண்டு, இரண்டு தக்காளி, மிளகாய்த்தூள், மிளகு, தேவையான தண்ணீர். கடைசியில் வெண்டைக்காயைச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, சூடான சோற்றில் ஊற்றிச் சாப்பிட வேண்டும். அவர்கள் இறாலோ கோழியோ போடுவார்கள். எங்கள் வீட்டில் போடுவதில்லை.

இது அந்நியச் சமையல் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மிளகாய், தக்காளி, நிலக்கடலை, உருளைக்கிழங்கு நான்கும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. மிளகாயைப் போர்த்துகீசியர் கொண்டு வருமுன் நம்மிடம் காரத்துக்கு இருந்தது மிளகு. அந்தப் பழக்கத்தில்தான் புதுக் காய்க்கு 'மிளகாய்' என்று பெயர் வைத்தோம். சேவூரில் இன்று ஏலம் போகிற நிலக்கடலையும் கப்பலேறி வந்ததுதான். நம் அரிசிம்பருப்புச் சோற்றையும் அவர்களுடைய 'ஜம்பலாயா'வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் இருப்பதை அரிசியோடு ஒரே பாத்திரத்தில் வேகவைக்கும் உழவர் வீட்டு யோசனைதான் இரண்டும்.

என் கவலை வேறு. சந்தையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் என் வயதை நெருங்கியவர்கள். "பையன் கம்பெனிக்குப் போறானுங்கய்யா, தோட்டத்துக்கு இனி யாருங்க?" என்று ஓர் அம்மணி என்னிடம் கேட்டார். வாங்குகிற இளசுகளோ கைபேசியில் தட்டி, வாசலில் பையை எடுத்துக்கொள்கிறார்கள். அகாடி மக்கள் ஊரை இழந்தும் சமையலைக் காத்தது, போன இடத்திலும் மண்ணில் இறங்கி விளைவித்ததால்தான். விளைவிக்கிறவர் இல்லாமல் போனால் டப்பா மசாலாதான் மிஞ்சும்.

ஆகவே வாரம் ஒரு நாளாவது பேரப்பிள்ளைகளைச் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். ஏழு மணிக்குள் போய்விட்டால் வெண்டைக்காய் பிஞ்சாகக் கிடைக்கும். முனையை ஒடித்துப் பார்த்து வாங்க அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.