‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’: வீவக வீடுகளில் இடம்பிடித்த உள்ளூர் நாய்கள்

ஒல்லியான உடல், குட்டையான ரோமம், நிமிர்ந்தோ பாதி மடங்கியோ இருக்கும் காதுகள். தனி இனப்பெயர் இல்லாத உள்ளூர்க் கலப்பின நாய்களை ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று விலங்கு ஆர்வலர்கள் செல்லமாக அழைக்கின்றனர்.

இவற்றில் பல, தொழிற்பேட்டைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் காட்டோரங்களிலும் பிறந்தவை. அங்கு வேலை செய்வோரும் தொண்டூழியர்களும் தரும் உணவை நம்பி வளர்ந்தவை. அந்த நிலம் மேம்பாட்டுக்கு எடுக்கப்படும்போது அவை இருப்பிடத்தை இழக்கின்றன.

கதவைத் திறந்த திட்டம்

வீவக வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக இருக்கவேண்டும். நடுத்தர அளவுக்கு வளரும் உள்ளூர் நாய்களுக்கு அதனால் வாய்ப்பில்லாமல் இருந்தது. மக்களில் பெரும்பாலோர் வீவக வீடுகளில் வசிப்பதால், அவற்றைத் தத்தெடுக்க விரும்பிய பலரால் முடியவில்லை.

2012ல் தொடங்கிய ‘அடோர்’ திட்டம் இந்நிலையை மாற்றியது. விலங்கு நல அமைப்புகள் வழியாக உள்ளூர்க் கலப்பின நாய்களை வீவக குடியிருப்பாளர்கள் தத்தெடுக்க அது வழிவிட்டது. தொடக்கத்தில் நாயின் உயரம் 50 சென்டிமீட்டரையும் எடை 15 கிலோவையும் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருந்தது. 2020ல் எடை வரம்பு நீக்கப்பட்டு, உயர வரம்பு 55 சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டது. உயரம் தோள்பட்டை வரை அளக்கப்படுகிறது.

நாய்க்குக் கருத்தடை செய்து, நுண்சில்லு பொருத்தி, உரிமம் பெற்றிருக்கவேண்டும். கீழ்ப்படிதல் பயிற்சியும் கட்டாயம்.

காவல்துறையிலும் ஆயுதப்படையிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற நாய்களுக்கும் 2017ல் இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. வெளியில் திரியும் நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வீடு கிடைப்பவற்றைத் தத்துக்கொடுத்து, மற்றவற்றைப் பொருத்தமான இடங்களில் விட்டுப் பராமரிக்கும் தேசியத் திட்டம் 2018ல் தொடங்கியது.

நம்பிக்கை வளரும் விதம்

நாய்க்குட்டி மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை சந்திக்கும் மனிதர்களையும் ஒலிகளையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும். அந்த நாள்களைக் காட்டோரத்தில் கழித்த நாய்க்கு மின்தூக்கி, மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாமே புதியவை. அது சோபாவுக்குப் பின்னால் பதுங்குவதும், ஓரிரு நாள் சாப்பாட்டைத் தொடாமல் இருப்பதும் பிடிவாதம் அன்று, பயம்.

இத்தகைய நாயைக் கட்டாயப்படுத்தித் தூக்குவதையும் உற்றுப் பார்ப்பதையும் தவிர்க்கவேண்டும். அருகில் அமைதியாக உட்கார்ந்து அதுவாக வரும்வரை காத்திருப்பதே நல்லது. முதல் மூன்று நாள் தயக்கம், மூன்று வாரத்தில் வீட்டுப் பழக்கம், மூன்று மாதத்தில் உறவு என்பது தத்தெடுப்போருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சில நாய்களுக்கு ஓராண்டும் ஆகலாம்.

நம்பிக்கை வந்த பிறகு அதே பார்வை வேறு பொருள் பெறுகிறது. நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போது, தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் சுரப்பு இருவரிடமும் கூடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015ல் வெளியிட்ட ஆய்வில் கண்டறிந்தனர்.

தத்தெடுக்குமுன் யோசிக்கவேண்டியவை

• நாய் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடும். உணவு, தடுப்பூசி, கால்நடை மருத்துவர் கட்டணம் ஆகியவற்றைத் தாங்க முடியுமா என்று குடும்பத்தார் அனைவரும் கலந்துபேசவேண்டும்.

• தீபாவளிக்கோ விடுமுறைக்கோ ஊருக்குச் செல்லும்போது யார் பார்த்துக்கொள்வார் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யவேண்டும்.

• புதிதாக வந்த நாய் மிரண்டு ஓடக்கூடும். முதல் சில மாதங்களுக்குக் கழுத்துப்பட்டை, உடற்பட்டை இரண்டிலும் கயிறு கட்டி நடத்திச் செல்வது பாதுகாப்பானது.

• நாயைத் தொடுவதைச் சமய காரணங்களுக்காகத் தவிர்ப்போரும் நாய்க்கு அஞ்சுவோரும் அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். மின்தூக்கியில் ஆள் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருப்பது நல்லுறவைக் காக்கும்.

தத்தெடுக்க இயலாதோர், காப்பகங்களில் நாய்களை நடத்திச் செல்லும் தொண்டூழியத்தில் சேரலாம். மனிதர்களோடு பழகிய நாய்க்கு வீடு கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது.