சொந்தக் கருவியும் வாரத் தவணையும்

அமெரிக்காவின் கார் பழுதுபார்க்கும் பட்டறைகளில் லிஃப்ட், கம்ப்ரெஸர் முதலான பெரிய சாதனங்களை முதலாளி வாங்கிப்போட, ஸ்பேனர், ராட்செட் போன்ற கைக்கருவிகளை மெக்கானிக் தம் கைக்காசில் வாங்கிவருவது நெடுநாளைய வழக்கம். தச்சர் தம் கருவிப் பெட்டியோடு வேலைக்கு வந்த பழைய கைத்தொழில் மரபின் தொடர்ச்சியாக இதைக் கொள்ளலாம் எனினும், தச்சரின் உளி பல்லாண்டுகள் உழைத்தது. மெக்கானிக்கின் பெட்டியோ, கார்களின் வடிவமைப்பு மாறுந்தோறும் போதாமற்போய், யாரோ எடுத்த முடிவுக்குக் கூலிக்காரரை விலை கொடுக்க வைத்தது.

நட்டை முழுவதும் கவ்வும் குழல்வடிவ உறுப்பாகிய சாக்கெட், தொடக்கத்தில் பெரும்பாலும் கைப்பிடியோடு ஒன்றாகவே செய்யப்பட்டதால், ஒவ்வோர் அளவுக்கும் தனிக்கருவி தேவைப்பட்டது. 1920இல் மில்வாக்கி நகரில் ஜோசப் ஜான்சனும் வில்லியம் சைடமனும் தொடங்கிய ஸ்னாப்-ஆன் நிறுவனம், 5 கைப்பிடிகளில் 10 சாக்கெட்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்தி 50 கருவிகளின் வேலையைச் செய்யலாம் என்று காட்டியது. செலவைக் குறைத்த உண்மையான முன்னேற்றம் அது. ஆனால் பட்டறைக்கே நேரில் சென்று விற்கும் முறை வேரூன்றி, கடையையே சுமந்துவரும் வேன்களாக வளர்ந்தபின் நிலைமை வேறாயிற்று. வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் வேனில் ஏறும் மெக்கானிக், உடைந்த ராட்செட்டைக் கொடுத்து ஆயுட்கால உத்தரவாதத்தின்பேரில் மாற்றை இலவசமாகப் பெற்று, பழைய பாக்கிக்குத் தவணை கட்டி, புதிதாக ஒன்றைக் கணக்கில் எழுதச் சொல்லி இறங்குவார்; இழுப்பறைகள் கொண்ட கருவி அலமாரி ஒன்றே ஆயிரக்கணக்கான டாலர் விலையாவதால், அதற்கு வட்டியோடு தனிக்கடனும் உண்டு.

வாங்காமலிருக்கவும் வழியில்லை. பல பட்டறைகளில் நடப்பிலுள்ள 'ஃபிளாட் ரேட்' முறையில், எடுத்துக்கொண்ட நேரத்துக்கன்றி, அந்த வேலைக்குக் கையேடு குறித்துள்ள மணிக்கணக்குக்கே கூலி கிடைப்பதால், ஒரு நல்ல கருவி மிச்சப்படுத்தும் ஒவ்வொரு நிமிடமும் வருமானமாகிறது. 1970களிலும் 80களிலும் அமெரிக்க கார்கள் அங்குல அளவிலிருந்து மில்லிமீட்டர் அளவுக்கு மாறியபோது, அரை அங்குல ஸ்பேனர், அதாவது 12.7 மி.மீ., 13 மி.மீ. போல்டில் ஏறவில்லை, 13 மி.மீ. ஸ்பேனரை அரை அங்குல போல்டில் மாட்டினால் அதன் முனைகள் மழுங்கின. இந்த 0.3 மி.மீ. வேறுபாட்டைப் போன்ற சிறு இடைவெளிகளுக்காக இரண்டு முழுத் தொகுதிகளை வைத்திருக்கவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. 1996 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஒரே வகைப் பழுதறி இணைப்பு கட்டாயமானபின்பும், தயாரிப்பாளர்தோறும் வேறுபடும் நுட்பமான பழுதுகளைப் படிக்கத் தனித்தனி மென்பொருள் தேவையாகவே இருந்தது.

சட்டம் இதில் ஒருசீராக நிற்கவில்லை. கலிஃபோர்னியா மாநில விதிப்படி, குறைந்தபட்சக் கூலியைப்போல் இருமடங்கேனும் பெறுபவரை மட்டுமே சொந்தக் கைக்கருவி கொண்டுவரச் சொல்லலாம். மற்றவர்க்கு முதலாளியே தரவேண்டும். கூட்டாட்சி வரிச்சட்டமோ, கருவிச் செலவு உள்ளிட்ட பணிச்செலவுகளில் வருமானத்தின் 2 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதியைக் கழித்துக்கொள்ள ஊழியர்க்கு முன்பு அளித்திருந்த சலுகையை 2018 முதல் நிறுத்திவிட்டது. அதே பட்டறையின் உரிமையாளர், லிஃப்ட் வாங்கிய செலவைத் தொழிற்செலவாகக் கழித்துக்கொள்ளத் தடையில்லை.