படைச்செலவும் அமைதிச்செலவும்: அசோகர் ஆணைகளும் அதியமான் மரபும்

முன்னுரை

அரசின் கருவூலத்திலிருந்து படைக்குச் செல்லும் பொருள் எவ்வளவு, போரைத் தவிர்க்கும் பணிகளுக்குச் செல்லும் பொருள் எவ்வளவு என்னும் வினா இக்கால அரசியலுக்கு மட்டும் உரியதன்று. பண்டை இந்தியாவின் கல்வெட்டுகளும் இலக்கியங்களும் இவ்வினாவிற்குச் சான்று தருகின்றன. போரின் கொடுமையும் அமைதியின் சிறப்பும் அறநோக்கில் பலராலும் ஆராயப்பெற்றுள்ளன. அமைதிக்கு அரசு எவ்வாறு செலவிட்டது, அச்செலவு எத்தகைய வடிவம் பெற்றிருந்தது என்பன அந்த அளவிற்கு ஆராயப்பெறவில்லை. மௌரியப் பேரரசர் அசோகரின் பாறை ஆணைகளையும், அவற்றில் குறிக்கப்பெறும் சதியபுத்திரர் மரபினராகிய அதியமான்களைப் பற்றிய தமிழ்ச் சான்றுகளையும் ஒருங்கு வைத்து, அவ்வடிவத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீரனுக்கு ஊதியம், தூதனுக்கு வழிச்செலவு

படைச்செலவிற்கும் தூதுச்செலவிற்கும் இடையிலான வேறுபாட்டை அர்த்தசாத்திரம் எண்களிலேயே காட்டுகிறது. அந்நூலின் ஐந்தாம் அதிகரணம் அரசுப் பணியாளர் ஊதியங்களை வரிசைப்படுத்துகிறது. அதன்படி படைத்தலைவனுக்கு 48,000 பணம். பயிற்சி பெற்ற காலாள் வீரனுக்கு 500 பணம். இடைநிலைத் தூதனுக்கோ யோசனை ஒன்றுக்கு 10 பணம் என்னும் கணக்கில் கூலி கூறப்பெறுகிறது. நூலின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அது காட்டும் நிருவாகக் கருத்து தெளிவானது. போர் நிகழாத ஆண்டிலும் வீரன் ஊதியம் பெறுவான்; தூதனோ நடந்த தொலைவிற்கு மட்டுமே பெறுவான். படை நிலையான செலவினமாகவும், சமாதானம் தேவை நேரும்போது மட்டும் எழும் செலவினமாகவும் கருதப்பட்டன.

திருக்குறளின் அமைப்பும் இங்கு எண்ணத்தக்கது. படைக்குப் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்கள் அமைய, தூது ஓர் அதிகாரமாக அமைச்சின் பகுதியில் அடங்குகிறது. அரசின் உறுப்புகள் ஆறனுள் படை ஒன்று. தூது தனி உறுப்பாக எண்ணப்படவில்லை.

அசோகர் செய்த மாற்றம்

அசோகர் முடிசூடி எட்டாண்டுகள் கழிந்தபின் கலிங்கத்தை வென்றார். அப்போரில் ஓரிலக்கம் பேர் கொல்லப்பட்டனர் என்றும், ஒன்றரை இலக்கம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்றும், அதனினும் பன்மடங்கினர் மாண்டனர் என்றும் அவரது 13ஆம் பாறை ஆணை கூறுகிறது. வென்ற அரசனே தன் வெற்றியின் இழப்பைக் கணக்கிட்டுக் கல்லில் பொறித்தமை அரிய நிகழ்ச்சியாகும். ஆயினும் அசோகரின் சிறப்பு அவர் வருந்தியதோடு முடியவில்லை. அவ்வருத்தத்தை அவர் செலவினமாக மாற்றினார்.

2ஆம் பாறை ஆணை, தம் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் மட்டுமன்றி, எல்லைக்கு அப்பாலுள்ள சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாமிரபரணி எனப்பெற்ற இலங்கை வரையிலும் மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதிகள் செய்யப்பெற்றன என்கிறது. மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவை கொண்டுசெல்லப்பட்டு நடப்பெற்றன; கிணறுகள் தோண்டப்பெற்றன; வழிகளில் மரங்கள் வளர்க்கப்பெற்றன. தமக்கு வரி செலுத்தாத நாடுகளுக்காகத் தம் கருவூலத்திலிருந்து செலவிட்டதாக ஓர் அரசர் கூறுவது இங்குக் கருதத்தக்கது.

5ஆம் பாறை ஆணை, முன்பு இல்லாத தரும மகாமாத்திரர் என்னும் அதிகாரிகள் முடிசூடிய 13 ஆண்டுகளுக்குப்பின் அமர்த்தப்பெற்றதைக் கூறுகிறது. யவனர், காம்போசர், காந்தாரர் முதலிய எல்லைப்புற மக்களிடையிலும் சிறைப்பட்டோர் நலனிலும் அவர்கள் பணியாற்றினர். பகையும் கிளர்ச்சியும் தோன்றக்கூடிய இடங்களிலேயே அவர்களது பணி அமைந்தமையின், அதனை அமைதிப்பணி என்பது பொருந்தும். முன்பு தூதனின் வழிச்செலவாக இருந்த ஒன்று, அதிகாரிகளைக் கொண்ட நிலையான அரசுத் துறையாயிற்று. அசோகர் செய்த மாற்றத்தின் உயிர்நிலை இதுவே எனலாம்.

இம்மாற்றத்தை மிகைப்படுத்துதலும் கூடாது. படையைக் கலைத்ததாக எந்த ஆணையும் கூறவில்லை. காட்டுமக்களுக்கு, வருந்தினும் தமக்குத் தண்டிக்கும் ஆற்றல் உண்டு என 13ஆம் ஆணையிலேயே அவர் எச்சரிக்கை விடுக்கிறார். கலிங்கத்தில் உள்ள தௌலி, ஜௌகடா ஆகிய இடங்களில் அந்த 13ஆம் ஆணை பொறிக்கப்படவே இல்லை. அதற்கு ஈடாக வேறு ஆணைகள் அங்கு இடம்பெற்றன. வென்ற நாட்டைத் திருப்பித் தந்ததற்கும் சான்றில்லை. ஆகவே அசோகர் படைச்செலவைக் கைவிட்டவர் அல்லர். அதன் அருகில் அமைதிச்செலவிற்கு நிலையான இடம் தந்தவர்.

அமைதிச்செலவு பேரரசை அழித்ததா?

அசோகரின் அமைதிக்கொள்கை படையை நலிவித்து மௌரியப் பேரரசின் வீழ்ச்சிக்கு வழிவகுத்தது என்னும் கருத்தை எச்.சி. ராய்சௌதுரி முதலியோர் முன்வைத்தனர். படைச்செலவைக் குறைக்கும் அரசு அழியும் என்னும் வாதத்திற்கு இது வரலாற்றுச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. 1961இல் வெளிவந்த தம் ஆய்வுநூலில் ரொமிலா தாப்பர் இக்கருத்தை மறுத்தார். பொருளாதார நெருக்கடியும் நிருவாக அமைப்பின் இயல்பும் வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் அடங்கும் என அவர் காட்டினார்.

இம்மறுப்பிற்கு மற்றொரு சான்றும் துணைசெய்கிறது. மௌரியரின் இறுதி அரசனாகிய பிருகத்ரதனை, அவன் படையைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது அவனுடைய படைத்தலைவன் புஷ்யமித்திரனே கொன்றான் என்று பாணர் தம் ஹர்ஷசரிதத்தில் குறிப்பிடுகிறார். பாணர் கி.பி. ஏழாம் நூற்றாண்டினர் ஆயினும், அவர் பெற்ற மரபுச்செய்தியை ஏற்பின், பேரரசின் இறுதிநாளிலும் அணிவகுத்து நிற்கத்தக்க படை இருந்தது என்பது பெறப்படும். அவ்வரசனைக் கொன்றது படையின்மை அன்று, படைத்தலைவனின் வாளே.

அதியமான் மரபு

2ஆம் ஆணையில் வரும் சதியபுத்திரர் யாவர் என்பது நெடுங்காலம் ஐயத்திற்குரியதாக இருந்தது. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பெற்ற தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுத்திரன் எனக் குறிப்பிட்டு அவ்வையத்தை நீக்கியது. அக்கல்வெட்டு அவன் துறவியர்க்கு உறைவிடம் அளித்த செய்தியைத் தெரிவிக்கிறது.

இதே அஞ்சி ஒளவையாரைத் தொண்டைமானிடம் தூதாக அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அவர் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாடலாகும். அவனுடைய படைக்கலங்கள் அணிசெய்யப்பெற்று நெய் பூசப்பெற்றுக் காவல்மனையில் இருக்க, அஞ்சியுடையவை சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. புகழ்வதுபோலத் தொண்டைமானின் போர்ப்பயிற்சியின்மையைச் சுட்டும் இக்கூற்றில், தூதுரையே படைவலியைத் துணைக்கொள்கிறது என்பது நோக்கத்தக்கது. நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி ஆகியோரின் பூசலில் கோவூர்கிழார் இடைநின்று பாடியவற்றையும் (புறம். 44, 45) இவ்வரிசையில் வைக்கலாம்.

ஆயின் இவை யாவும் தனிப்பட்ட புலவரின் சொல்லாற்றலையும், அவர்க்கும் அரசர்க்கும் இருந்த நட்பையும் சார்ந்தவை. அஞ்சிக்குப் புலவர் ஒருவர் தூதராக வாய்த்தார். தூதுக்கென்று ஒரு துறை இருந்தமைக்குச் சான்றில்லை. பின்னர்ப் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தபோது அஞ்சி வீழ்ந்தான். அவ்வெற்றியாளனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடிய அரிசில்கிழாருக்கு ஒன்பது நூறாயிரம் காணமும் அரசுகட்டிலும் அளிக்கப்பெற்றதாகப் பதிகம் கூறும். கோவூர்கிழார் பூசலைத் தணிக்கப் பாடிய அவ்விரு பாடல்களிலோ, அவற்றின் பின்குறிப்புகளிலோ பரிசில் பற்றிய செய்தி இல்லை. பதிகம் பிற்காலத்தது எனினும், எது பரிசிலுக்குரியதாக நினைவில் நின்றது என்பதை அது காட்டுகிறது.

மௌரியர் பற்றிய தமிழ் நினைவும் இவ்வாறே அமைகிறது. அகநானூற்றிலும் புறநானூற்றிலும் மோரியர் வரும் இடங்களில் அவர்களுடைய தேர் செல்ல மலை குறைக்கப்பெற்ற செய்தியே பேசப்படுகிறது. அசோகர் தமிழகத்திற்கு அனுப்பியதாகக் கூறும் மூலிகைகள் அங்கு இடம்பெறவில்லை. படை சென்ற வழி பாட்டில் நின்றது. மருந்து வந்த வழி கல்லில் மட்டுமே நின்றது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, படைச்செலவு நிலையானதாகவும் அமைதிச்செலவு அவ்வப்போதையதாகவும் இருப்பதே பண்டை அரசுகளின் பொதுவழக்கு. இரண்டு, அமைதிப்பணி நிலையான துறையாதல் கூடும் என்பதற்கு அசோகர் ஆட்சி சான்று. அது பேரரசை அழித்தது என்பதற்குத் தக்க சான்றில்லை. மூன்று, அத்தகைய துறை இல்லாதவழி ஒளவையார் போன்றவரின் நாவன்மையும் ஒரு தலைமுறைக்கு மேல் பயன்தருவது அரிது.

இன்றைய நிலையும் இதனின் பெரிதும் வேறுபட்டதன்று. 2024இல் உலக நாடுகளின் மொத்தப் படைச்செலவு 2.7 இலட்சம் கோடி அமெரிக்க டாலர் எனச் சுவீடனின் சிப்ரி நிறுவனம் மதிப்பிட்டது. 2024 சூலை முதல் 2025 சூன் வரையிலான ஓராண்டிற்கு ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிகாப்புப் பணிகளுக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 560 கோடி டாலர். அஃதாவது ஐந்நூற்றில் ஒரு பங்கு அளவே. படையை அறவே நீக்குக என்று அசோகரின் ஆணைகளும் கூறவில்லை. வீரனுக்கு ஆண்டுதோறும் ஊதியம் தரும் அரசு, போரைத் தடுப்பவனுக்கு வழிச்செலவு மட்டும் தந்து அமைதியை எதிர்பார்த்தல் பொருந்துமா என்பதே அவ்வாணைகள் இன்றைய அரசுகளின் முன் வைக்கும் வினாவாகும்.