ஓராண்டு காத்திருந்த கோப்பை

2020 வசந்தத்தில் கொரோனா ஜெர்மனியின் ஹேண்ட்பால் லீக்கை நிறுத்தியபோது, அதுவரை ஆடிய ஆட்டங்களின் புள்ளிகளைக் கணக்கிட்டுக் கீல் அணியைச் சாம்பியனாக அறிவித்துவிட்டார்கள். அதே பருவத்தின் ஜெர்மன் நாக்-அவுட் கோப்பைக்கு அந்த வழி இல்லை. தோற்றவர் வெளியேறும் போட்டியில் எஞ்சிய நான்கு அணிகளைத் தரம்பிரிக்கப் புள்ளிப்பட்டியல் ஏது? ஆடித்தான் தீர வேண்டும். ஹாம்பர்க்கில் நடக்கவிருந்த இறுதிக்கட்டம் 2021 ஜூன் வரை தள்ளிப்போனது.

இடையில் அணிகளே மாறிவிட்டன, இது பழைய பருவத்தின் கோப்பையே அல்ல என்று வாதிடலாம், ஓரளவு நியாயம்தான். ஆனால் காகிதக் கணக்கில் முடித்திருந்தால் கோப்பையும் கீலுக்கே போயிருக்கக்கூடும். களத்தில் நடந்ததோ வேறு: அரையிறுதியின் இடைவேளையில் 11-18 எனப் பின்தங்கியிருந்த லெம்கோ அணி, கீலை 29-28 என வென்றது, மறுநாள் இறுதியாட்டத்தில் மெல்சுங்கனை 28-24 என வீழ்த்திக் கோப்பையையும் எடுத்தது.