மரபணு முத்திரை

ஒரே மரபணு, தாய் வழி வந்ததா தந்தை வழி வந்ததா என்பதைப் பொறுத்து இயங்குவதோ அடங்குவதோ மரபணு முத்திரை. பெரும்பாலான மரபணுக்களில் இரு பிரதிகளும் வேலை செய்யும். மனிதரில் சுமார் 100 மரபணுக்களில் மட்டும், கருமுட்டையிலோ விந்தணுவிலோ பதியும் மெத்தில் என்ற வேதிக்குறி ஒரு பிரதியை அடக்கிவிடுகிறது.

இதன் வரலாற்றை எலியிலிருந்து தொடங்குவது பாடநூல் வழக்கம். மாவுப்பூச்சிக்குச் சேர வேண்டிய பெயர் அதில் விட்டுப்போகிறது. சேலம், நாமக்கல் சமவெளியின் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காடுகளுக்கு இப்பூச்சி புதிதல்ல. 2008இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் விட்டுவைக்கவில்லை. இலையடியில் வெள்ளையாக அப்பிக் கிடப்பவை பெண் பூச்சிகள். ஆண், இறகு முளைத்த பொடிப்பூச்சி. மாவுப்பூச்சி ஆணின் செல்களில் குரோமோசோம்களில் பாதி கட்டியாகச் சுருண்டு கிடப்பதை 1921இல் ஃபிரான்ஸ் ஷ்ரேடர் விவரித்தார். சுருண்ட பாதி யாருடையது? எலுமிச்சை வகைச் செடிகளைத் தாக்கும் மாவுப்பூச்சியில் 1961இல் ஸ்பென்சர் பிரவுனும் நெல்சன்-ரீஸும் விடை கண்டனர். தந்தைப் பூச்சிக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சினால் மகள்கள் மடிந்தன. மகன்கள் பெரும்பாலும் பிழைத்தன. மகன் உடலில் தகப்பன் பங்கு செயலற்றுக் கிடந்ததால் அதன் சேதம் அவற்றைத் தொடவில்லை.

பிரவுனுடன் சேர்ந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எச். ஷரத் சந்திரா 1975இல் இக்கருத்தைப் பாலூட்டிகளின் எக்ஸ் குரோமோசோமுக்கு நீட்டினார். 1984இல் கேம்பிரிட்ஜில் அசிம் சுரானி குழுவும், அமெரிக்காவில் மெக்ராத், சோல்டர் இருவரும் எலிக்கருவில் சோதித்தனர். தாய்ப்பங்கு மட்டும் இரட்டையாக இருந்த கருவில் நஞ்சுக்கொடி சரியாக வளரவில்லை. தந்தைப்பங்கு மட்டும் இருந்ததில் நஞ்சுக்கொடி வளர்ந்தது, சிசு தேறவில்லை. இரண்டுமே பிறப்புவரை தாங்கவில்லை.

குழந்தைகளில் இதன் தெளிவான சான்று 15ஆம் குரோமோசோம். அதன் ஒரு பகுதியில் தந்தைப்பங்கு இல்லாவிட்டால் பிராடர்-வில்லி நோய்: பிறந்ததும் துவண்டு, பால் உறிஞ்சத் திணறும் குழந்தை, சில ஆண்டுகளில் அடங்காத பசிக்கு ஆளாகிறது. அதே பகுதியில் தாய்ப்பங்கு இல்லாவிட்டால் ஏஞ்சல்மேன் நோய்: பேச்சு ஏறக்குறைய வராது, வலிப்பு வரும், நடை தள்ளாடும், அடிக்கடி சிரிப்பு. 1956இலும் 1965இலும் தனித்தனியே பதிவான இந்த இரண்டும் ஒரே இடத்துக் கோளாறு என்பது 1980களில்தான் புரிந்தது.

நம் ஊர்ப்பக்கம் இப்படிக் குழந்தை பிறந்தால் "சொந்தத்துல கட்டுனதாலதான்" என்று தாய்மாமன், அத்தை மகன் திருமணத்தின் மேல் பழி விழும். இந்த நோய்களுக்கு அது பொருந்தாது. பெரும்பாலானவை கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நேர்பவை; அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. முத்திரையைக் கட்டுப்படுத்தும் பகுதியே பரம்பரையாக அறுபட்ட அரிதான குடும்பங்களில் அது 50 சதவீதம் வரை போகலாம். எந்த வகை என்பதை அறிய, மெத்தில் பரிசோதனையோடு நிறுத்தாமல் பெற்றோரின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டியிருக்கும்.