புகுமுக ஆண்டும் மூன்று வாரமும்: தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் கடந்து வந்த வழி

தமிழ்நாட்டின் உயர்கல்வி பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி சேர்க்கையைப் பற்றியது. கட்-ஆஃப், கலந்தாய்வு, இடஒதுக்கீடு, கட்டணச் சலுகை ஆகியவற்றுக்கெல்லாம் விரிவான வரலாறு உண்டு. சேர்ந்த மாணவர் முதல் ஆறு மாதத்தில் என்ன ஆனார் என்பதற்கு அப்படியொரு வரலாறு எழுதப்படவில்லை. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு பழகும் காலம் வேண்டும் என்பதை இங்குள்ள கல்வியாளர்கள் 1950களிலேயே உணர்ந்திருந்தார்கள். அதற்கென ஓர் ஆண்டையே ஒதுக்கினார்கள். அந்த ஆண்டு எப்படி வந்தது, எப்படிப் போனது, அதன் வேலையை இன்று யார் செய்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. மெட்ரிகுலேஷன் தேறிய மாணவர் கல்லூரியில் இரண்டாண்டு படித்து எஃப்.ஏ. (ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ்) தேர்வு எழுத வேண்டும். அதில் தேறினால்தான் பி.ஏ. வகுப்புக்குள் போக முடியும். எஃப்.ஏ.வுக்கு வடிகட்டும் வேலை மட்டுமே இருந்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்த சீனிவாச இராமானுஜன் கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்து மற்றப் பாடங்களில் தவறினார். உதவித்தொகை போயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எஃப்.ஏ. கைகூடவில்லை. இதை ஒரு மேதையின் விசித்திரமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். கல்லூரிக்குப் புதிதாக வந்த பதினாறு, பதினேழு வயதுப் பையனின் கதையாகவும் இதைப் படிக்கலாம். பள்ளியில் பரிசுகள் வாங்கியவர் கல்லூரியில் ஏன் சறுக்குகிறார் என்று கேட்கும் பொறுப்பு அன்றைய அமைப்பில் யாருக்கும் இல்லை.

எஃப்.ஏ.வின் இடத்துக்குப் பின்னர் இன்டர்மீடியட் வந்தது. பெயர் மாறியது, சிக்கல் மாறவில்லை. விடுதலைக்குப் பின் 1948-49இல் இராதாகிருஷ்ணன் குழு, பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு முடிந்த பிறகே பல்கலைக்கழகச் சேர்க்கை என்றது. அடுத்து 1952-53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவுக்கு ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் அவரே. இன்டர்மீடியட்டை எடுத்துவிட்டுப் பட்டப்படிப்பை மூன்றாண்டாக்கவும், உயர்நிலைப் பள்ளியிலிருந்து வருவோருக்கு ஓராண்டுப் புகுமுக வகுப்பு வைக்கவும் அக்குழு பரிந்துரைத்தது. அந்த ஓராண்டில் பல்கலைக்கழகப் பயிற்றுமொழியான ஆங்கிலத்தைப் பழக்க வேண்டும், கல்லூரியில் படிக்கும் முறையையே கற்றுத்தர வேண்டும் என்ற கருத்தும் பரிந்துரையோடு சேர்ந்தே இருந்தது. நம் கல்வி ஆவணங்களில் முதலாண்டு மாணவரின் தேவையை இவ்வளவு நேராகச் சொன்ன இடம் அரிது.

1950களின் பிற்பகுதியில் பி.யு.சி. என்ற பெயரில் புகுமுக வகுப்பு நடைமுறைக்கு வந்தது. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யைத் தமிழில் எழுதியவர்கள் ஜூன் மாதம் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். பெரிய வகுப்பறை, ஆங்கிலத்தில் விரிவுரை, வீட்டுப்பாடம் கேட்காத ஆசிரியர், ஆண்டு முடிவில் பல்கலைக்கழகத் தேர்வு. மருத்துவம், பொறியியல் இடங்களை அந்தத் தேர்வின் மதிப்பெண்ணே தீர்மானித்தது. ஆகவே பழகிக்கொள்ள வைத்த ஆண்டு போட்டி ஆண்டாகியது. கிராமத்திலிருந்து வந்த மாணவருக்கு ஆங்கிலம் காதில் விழுந்து புரியத் தொடங்கும்போது தேர்வு வந்துவிடும். பி.யு.சி.யில் தவறியதோடு படிப்பை விட்டவர்களைப் பற்றிய பேச்சு அந்தத் தலைமுறைக் குடும்பங்களில் இன்றும் கேட்கும். புகுமுக வகுப்பின் நோக்கம் சரியானது. உயர்ந்த படிப்புகளுக்கான வாசலையும் அதன் தலையில் கட்டியதுதான் அதைக் கெடுத்தது என்பது என் கணிப்பு.

1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது, புகுமுக வகுப்பு போனது. 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது. இதில் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. புகுமுக வகுப்புக்காக நகரத்துக்குப் போய்த் தங்க வழியில்லாத பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், அருகிலிருந்த பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்க முடிந்தது. ஆனால் புகுமுக வகுப்பின் பாடங்கள்தான் பள்ளிக்கு மாறின. கல்லூரியில் படிக்கும் முறையைக் கற்றுத்தரும் பொறுப்பு பள்ளிக்கும் போகவில்லை, கல்லூரியிலும் தங்கவில்லை. அதே 1978இல் சென்னை இலயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றன. பருவமுறை, அகமதிப்பீடு, தொடர் தேர்வுகள் பரவின. சேர்ந்த சில வாரங்களிலேயே முதல் இன்டெர்னல் தேர்வு என்ற நிலை மெல்ல எல்லா இடத்துக்கும் வந்தது. பழகிக்கொள்ள அவகாசம் குறைந்த காலமும் மதிப்பெண் கணக்கு முன்கூட்டியே தொடங்கிய காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

இதற்கிடையே மேல்நிலைப் படிப்புக்குள்ளேயே ஒரு பள்ளம் விழுந்தது. பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லாததால் பல தனியார் பள்ளிகள் அந்தப் பாடங்களைத் தள்ளிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டாண்டும் நடத்தின. தொழிற்படிப்புகளுக்கென 1984இல் தொடங்கிய நுழைவுத் தேர்வு இருந்தவரை பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் விடுவதில் கொஞ்சம் அச்சமாவது இருந்தது. 2007-08 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றானபோது அதுவும் போனது. நுழைவுத் தேர்வை நீக்கியது கிராமப்புற மாணவருக்குச் செய்த நியாயம், அதில் ஐயமில்லை. பிளஸ் ஒன் பாடத்தை யார் காப்பது என்ற கேள்வியை மட்டும் அன்று யாரும் எடுக்கவில்லை.

அதன் விளைவு பொறியியல் கல்லூரியின் முதல் பருவத்தில் தெரியும். பள்ளித் தேர்வில் ஒரு மதிப்பெண், இரண்டு, மூன்று, ஐந்து என வினாக்கள் சிறு சிறு துண்டுகளாக வரும். பாடத்தின் பின்னுள்ள ‘புக் பேக்’ வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தவர் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார். அண்ணா பல்கலைக்கழகத் தாளில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள் ஐந்து, பதினைந்து மதிப்பெண் வினா ஒன்று. பதின்மூன்று மதிப்பெண் கணக்கில் நாலாவது வரியில் வகையீடு தெரிய வேண்டியிருக்கும். அதன் அடிப்படை பிளஸ் ஒன் புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகத்தைப் பிரிக்காமலே வந்தவர் அங்கேயே நின்றுவிடுகிறார். பிளஸ் டூ கணிதத்தில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் முதல் பருவத்திலேயே அரியர் வைப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். சோம்பலையும் கைபேசியையும் குறை சொல்பவர்கள் அந்த விடைத்தாளை ஒருமுறை வரிவரியாகப் பார்க்க வேண்டும். 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு இந்தச் சறுக்கலும் ஒரு காரணம்.

முதலாண்டு மாணவரைப் பற்றி அரசு சட்டம் இயற்றிய தருணமும் உண்டு. அது ஒரு மரணத்துக்குப் பிறகு வந்தது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2007இல் ஆர்.கே. இராகவன் குழு அறிக்கையும், 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகளும் தொடர்ந்தன. புதியவர்களுக்குத் தனி விடுதி, பெற்றோரும் மாணவரும் தரும் உறுதிமொழிப் படிவம், கண்காணிப்புக் குழு எல்லாம் இவ்வழியே வந்தவை. இவை உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆனால் வேறொன்றும் நடந்தது. புதிய மாணவரும் மூத்த மாணவரும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டார்கள். எந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது, எந்த நூலை எடுப்பது என்று முன்பு அண்ணன்களிடமும் அக்காக்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்ட வழி ஒடுங்கியது. அந்த இடத்தை நிரப்பும் ஏற்பாட்டைக் கல்லூரிகள் செய்திருக்க வேண்டும். செய்தவை சிலவே.

அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு 2017இல் மூன்று வார அறிமுகப் பயிற்சியைக் கொண்டுவந்தது. காந்திநகர் ஐ.ஐ.டி. 2011 முதல் நடத்திய ஐந்து வார அடிப்படைப் பயிற்சியும் வாரணாசி ஐ.ஐ.டி.யின் 2016 முயற்சியும் அதற்கு முன்மாதிரி. கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு 2019இல் இதேபோன்ற அறிமுகத் திட்டமாக ‘தீக்‌ஷாரம்ப்’ வந்தது. ஐ.ஐ.டி.யில் எல்லோரும் ஒரே நாளில் வந்து விடுதியில் தங்குகிறார்கள். நம் கல்லூரிகளிலோ கலந்தாய்வுச் சுற்றுகள் நீள நீள, மாணவர்கள் பிரிவு பிரிவாகச் சேர்கிறார்கள். கடைசிச் சுற்றில் வருபவருக்கு அறிமுகப் பயிற்சி முடிந்திருக்கும். பெரும்பாலும் அவரே குடும்பத்தின் முதல் பட்டதாரி, அந்தப் பயிற்சி மிகவும் தேவைப்பட்டவர். பல அரசுக் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்பை எடுப்பவர் கௌரவ விரிவுரையாளர். அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவரிடம் மாணவரின் நீண்டகால நலனைப் பார்க்கச் சொல்கிறோம்.

2021-22 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு, இந்திய சராசரி 28.4. முதல் பட்டதாரிச் சலுகையும் 2022இன் புதுமைப் பெண் திட்டமும் 2024இன் தமிழ்ப் புதல்வன் திட்டமும் கல்லூரி வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. பிளஸ் டூ முடித்தோருக்கு ‘கல்லூரிக் கனவு’ வழிகாட்டுகிறது. உதவி தேவைப்படுவோர் மிகக் குறைவாக இருந்த காலத்தில் ஓராண்டு இருந்தது. அவர்கள் பெருகிவிட்ட காலத்தில் மூன்று வாரம் இருக்கிறது. இன்று வேண்டியது முதல் பருவம் முழுவதும் ஓடும் ஏற்பாடு. வாரத்தில் சில மணி நேரம் பிளஸ் ஒன் அடிப்படைக்கும், குறிப்பெடுக்கவும் ஆங்கிலப் பாடநூலைப் படிக்கவும் பழகுவதற்கும் ஒதுக்க வேண்டும். அதற்கு நிரந்தர ஆசிரியர் வேண்டும்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை நீக்கியது. மாணவர் மீதான தேர்வுச் சுமை குறைவது நல்லதே. அந்தத் தேர்வை எழுதாத முதல் அணி 2027இல் கல்லூரிக்குள் வரும். அவர்களுக்கான முதல் பருவப் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகங்கள் இப்போதே உட்கார்ந்து எழுத வேண்டும்.