பாலிமர் களிமண் படமாற்றம்

பாலிமர் களிமண் படமாற்றம் என்பது, தாளில் அச்சிட்ட படத்தையோ எழுத்தையோ பாலிமர் களிமண்ணின் மேற்பரப்பில் பதியச் செய்யும் கைவினை நுட்பம் ஆகும். பதக்கம், தோடு, மணி முதலிய அணிகலன்களில் நுண்ணிய கோட்டோவியங்களை அமைக்க இது பயன்படுகின்றது.

பாலிமர் களிமண்

பெயரில் களிமண் என்று இருந்தாலும், இது சுடுமண் நகைகளுக்குப் பயன்படும் இயற்கை மண் அன்று. பாலிவினைல் குளோரைடு துகள்கள், அவற்றை இளக்கமாக வைத்திருக்கும் நெகிழியாக்கி என்னும் நீர்மம், நிறமிகள் ஆகியவை சேர்ந்த கலவையே இது. சூடாக்கும்போது துகள்கள் நெகிழியாக்கியை உள்வாங்கி, ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகின்றன. ஜெர்மனியின் ஃபிமோ, அமெரிக்காவின் ஸ்கல்பி ஆகியன 1960களில் தோன்றிய வணிக வகைகள் ஆகும்.

படம் மாறும் விதம்

லேசர் அச்சுப்பொறியும் ஒளிநகல் பொறியும் பயன்படுத்தும் டோனர், நிறமி கலந்த நுண்ணிய நெகிழித் தூள் ஆகும். அச்சிடும்போது இது உருகித் தாளில் ஒட்டுகின்றது. அத்தாளைப் பச்சைக் களிமண்மீது வைத்தால், நெகிழியாக்கி டோனரை மெல்ல இளக்கிக் களிமண்ணுடன் ஒட்டச் செய்கின்றது. இங்க்ஜெட் மை பெரும்பாலும் நீரில் கரையக்கூடியது. ஆகவே நீரைப் பயன்படுத்தும் கீழ்க்காணும் முறைக்கு அது பொருந்தாது.

செய்முறை

1. படத்தை இடவலம் மாற்றி அச்சிட வேண்டும். இல்லையெனில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் பதியும்.
2. பிசைந்து சமமாகத் தேய்த்த வெளிர்நிறக் களிமண்மீது, அச்சிட்ட பக்கம் கீழாக இருக்குமாறு தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். காற்றுக்குமிழ் உள்ள இடத்தில் படம் பதியாது.
3. 15 முதல் 30 நிமிடங்கள் விட வேண்டும்.
4. தாளை நீரால் நனைத்து, விரல்நுனியால் மெதுவாகத் தேய்த்தால் தாளிழைகள் உருண்டு நீங்கும். எஞ்சும் இழைகள் உலர்ந்தபின் வெண்படலமாகத் தெரியும். மீண்டும் நனைத்து அவற்றை அகற்றலாம்.
5. ஈரம் உலர்ந்தபின் தேவையான வடிவில் வெட்டி, உறையில் குறித்துள்ள வெப்பநிலையில் சூட்டடுப்பில் வைக்க வேண்டும். ஃபிமோவுக்கு இது 110 பாகை செல்சியசு, 30 நிமிடங்கள் ஆகும்.

படம் மேற்பரப்பில் மட்டுமே இருப்பதால் உராய்வில் தேயக்கூடும். இதைத் தடுக்க நீர்சார் மெருகெண்ணெய் பூசுவர். சாதாரண நகப்பூச்சு நாளடைவில் பிசுபிசுப்பாகிவிடும்.

பாதுகாப்பு

களிமண் கருகும் அளவுக்குச் சூடேறினால், கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும் ஐதரசன் குளோரைடு வளிமம் வெளிப்படும். எனவே அடுப்பினுள் தனி வெப்பமானி வைப்பது நன்று. நுண்ணலை அடுப்பு இதற்கு ஏற்றதன்று. இவ்வேலைக்குப் பயன்படுத்திய கரண்டி, தட்டு முதலியவற்றை மீண்டும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது.